ஆட்சி மாறினால் வழக்கும் மாறுமா? முன்னாள் தலைவர்கள் மீதான ஊழல் வழக்குகள் – புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

1996 டிசம்பர் 7. அந்த ஆண்டு மே மாதம்வரை முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா போயஸ் தோட்ட வீட்டில் கைது செய்யப்பட்டார். கிராமங்களுக்குக் கலர் டிவி வாங்கியதில் முறைகேடு என்பது வழக்கு. நாலரை ஆண்டு கழிந்தது. 2001 ஜூன் 30, பொழுது விடியுமுன், அந்த ஆண்டு மே மாதம்வரை முதலமைச்சராக இருந்த கருணாநிதி ஆலிவர் சாலை வீட்டிலிருந்து போலீசாரால் இழுத்துச் செல்லப்பட்டார். சென்னையில் மேம்பாலங்கள் கட்டியதில் ஊழல் என்பது வழக்கு. இருவரையும் கொண்டுபோன இடம் ஒன்றுதான்: சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே அப்போது இருந்த மத்திய சிறை. முதல் கைதின்போது ஆட்சியில் இருந்தவர் கருணாநிதி. இரண்டாவது கைதின்போது ஆட்சியில் இருந்தவர் ஜெயலலிதா.

இதையெல்லாம் பார்த்த ஊரில், “இவங்க வந்தா அவங்க உள்ள, அவங்க வந்தா இவங்க உள்ள, இதுல என்ன நீதி?” என்று யாராவது சொன்னால் உடனே மறுக்க முடியாது. முதல் முறை ஓட்டுப் போடப்போகும் பிள்ளைகள்கூட இதையே சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, கைது முடிந்து கேமராக்கள் கிளம்பிப் போன பிறகு, யாரும் அதிகம் எட்டிப் பார்க்காத நீதிமன்ற அறைகளில் நடக்கிறது. அரசியல் வழக்கைப் பற்றித் தீர்மானிக்க வேண்டுமானால், அது தொடங்கிய இரவைவிட, ஆட்சி மாறிய பிறகு அது எப்படி நடத்தப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதைப் பார்ப்பதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை

இந்தியாவில் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநர்களுக்கும் மட்டும், பதவியில் இருக்கும்வரை, குற்ற வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. அரசியலமைப்பின் 361-வது பிரிவு அதைச் சொல்கிறது. பிரதமருக்கோ முதலமைச்சருக்கோ அப்படி ஒன்று கிடையாது. பதவியில் இருக்கும்போதே வழக்குப் போடலாம். ஆனால் லஞ்ச ஒழிப்புத் துறை மாநில அரசின் கீழ் இயங்குகிறது. தன் அரசாங்கத்தின் தலைவரையே ஒரு துறை விசாரிக்கும் என்று எதிர்பார்ப்பது நடைமுறையில் வீண். அதனால்தான் நம் நாட்டில் பெரும்பாலான வழக்குகள் ஒருவர் ‘முன்னாள்’ ஆன பிறகே உயிர்பெறுகின்றன. “அப்போ ஏன் போடல, இப்போ ஏன் போடறாங்க?” என்ற கேள்விக்குப் பழிவாங்கல் ஒரு விடையாக இருக்கலாம். அதற்கு முன்னால் வேறு வழியே இருக்கவில்லை என்பதும் ஒரு விடைதான்.

ஒரு வழக்கு நடக்கும் பாதை இது. யாரோ ஒருவர் புகார் கொடுப்பார். முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர், பதிவாகும். புலனாய்வு முடிந்தால் குற்றப்பத்திரிகை தாக்கலாகும். அரசுப் பதவியில் இருந்தவர் என்பதால், நீதிமன்றம் வழக்கை ஏற்பதற்கு முன் உரிய அதிகாரியின் இசைவு, அதாவது வழக்கு நடத்த அனுமதி, வேண்டும். பிறகு நீதிபதி எந்தெந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று குற்றச்சாட்டை வகுப்பார், சாட்சிகள் வருவார்கள், குறுக்கு விசாரணை நடக்கும், தீர்ப்பு வரும், மேல்முறையீடு வரும். இதில் விடுவிப்பு என்றால் விசாரணை தொடங்குவதற்கு முன்பே வழக்கில் முகாந்திரம் இல்லை என்று அனுப்பிவிடுவது. விடுதலை என்றால் முழு விசாரணைக்குப் பிறகு குற்றம் நிரூபணமாகவில்லை என்று சொல்வது. செய்திகளில் இரண்டும் ஒன்றுபோலவே வரும். சட்டத்தில் இரண்டுக்கும் நிறைய தூரம்.

கைது இந்தப் பாதையில் கட்டாயமான படி அல்ல. கைதே செய்யாமல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, விசாரணை நடத்தி, தண்டனை வாங்கித் தர முடியும். ஆனால் நம் அரசியலில் கைதுதான் உச்சக் காட்சி. எதிர்க்கட்சித் தொண்டன் பட்டாசு வெடிப்பது அன்றைக்குத்தான், தீர்ப்பு நாளில்கூட அவ்வளவு ஆர்ப்பாட்டம் இருக்காது. கைதைத் தண்டனையாக நினைக்கும் இந்தப் பழக்கம்தான் பழிவாங்கலுக்கு மிகவும் தோதானது. ஏனென்றால் கைதுக்கு ஆதாரம் அதிகம் தேவைப்படாது, ஆட்சி மட்டும் கையில் இருந்தால் போதும்.

2001 ஜூன் சம்பவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி ஆணையரின் புகார் 29-ஆம் தேதி. மறுநாள் விடிவதற்குள் 77 வயது முன்னாள் முதல்வர் கைது. கூடவே மத்திய அமைச்சர்களாக இருந்த முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும் கைது. கணக்குகளைப் படித்துப் பார்க்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாத வேகம் அது. ஜூலை 4-ஆம் தேதி கருணாநிதி சிறையிலிருந்து வெளியே வந்தார். இந்த விவகாரத்தில் ஆளுநர் பாத்திமா பீவி பதவி விலக வேண்டி வந்தது. மேம்பால வழக்கு கடைசிவரை தண்டனையில் முடியவில்லை. மேம்பாலங்கள் கட்டியதில் தவறு நடந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் உரிமை சென்னைவாசிகளுக்கு இருந்தது. அந்த நள்ளிரவு அவசரம் அந்த உரிமையையும் சேர்த்துத்தான் கெடுத்தது. அதற்குப் பிறகு யாரும் பாலத்தைப் பற்றிப் பேசவில்லை, கைதைப் பற்றித்தான் பேசினார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விசாரணை ஆணையம் வேறு, நீதிமன்றம் வேறு. 1976 ஜனவரி 31-இல் திமுக அரசு கலைக்கப்பட்டு, சில நாட்களிலேயே நீதிபதி சர்க்காரியா ஆணையம் அமைக்கப்பட்டது. அந்தப் பெயர் ஐம்பது ஆண்டுகளாகத் தேர்தல் மேடைகளில் ஒலிக்கிறது. ஆனால் ஆணையத்தின் அறிக்கை என்பது அரசுக்குத் தரும் கருத்து மட்டுமே. அது யாரையும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க முடியாது. சர்க்காரியா அறிக்கையை ஒட்டி எந்த நீதிமன்றமும் கருணாநிதிக்குத் தண்டனை விதிக்கவில்லை.

ஒரே வழக்கு, இருபது ஆண்டு

ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கை மட்டும் முழுதாகப் பார்ப்போம். நீதியும் பழியும் ஒரே கோப்புக்குள் எப்படிக் கலந்திருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தமிழ்நாட்டில் இல்லை.

சொத்துக் குவிப்பு என்றால் என்ன? லஞ்சம் வாங்கியதை யாரும் பார்க்கவில்லை, கொடுத்தவரும் வாய் திறக்கவில்லை என்று வையுங்கள். அப்போது சட்டம் வேறு பக்கமாக வருகிறது. பதவிக்கு வரும்போது இவ்வளவு சொத்து, பதவி முடியும்போது இவ்வளவு, நடுவில் வந்த வருமானம் இவ்வளவு, செலவு இவ்வளவு. கணக்கில் இடிக்கும் தொகைக்குத் திருப்தியான விளக்கம் தர வேண்டும், தர முடியாவிட்டால் அதுவே குற்றம். 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் இது இருக்கிறது. ஜெயலலிதா வழக்கில் கணக்குப் பார்க்கப்பட்ட காலம் 1991 ஜூலை முதல் 1996 ஏப்ரல் வரை. அந்தக் காலத்தில் அவர் மாதம் ஒரு ரூபாய்தான் சம்பளம் வாங்கினார். அந்தக் காலத்தின் முடிவில் அவர் தரப்பிடம் இருந்ததாகச் சொல்லப்பட்ட சொத்து சுமார் 66 கோடி ரூபாய்.

புகார் கொடுத்தவர் யார்? அரசியல் எதிரியான சுப்பிரமணியன் சுவாமி, 1996 ஜூனில். புலனாய்வு செய்தது யார்? புதிதாக வந்த திமுக அரசின் லஞ்ச ஒழிப்புத் துறை. ஆக, தொடக்கத்தில் அரசியல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதிமுக தொண்டர்கள் இதைப் பழிவாங்கல் என்று சொன்னதில் வியப்பில்லை.

2001-இல் ஜெயலலிதா மறுபடி முதல்வர் ஆனார். வழக்கு சென்னையில் தனி நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்தவர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 76 பேர் அழைக்கப்பட்டதில் 64 பேர் தாங்கள் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினார்கள். இப்படிச் சொன்னதை மாற்றும் சாட்சியைப் பிறழ் சாட்சி என்று அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்வதுதான் அரசு வழக்கறிஞரின் வேலை. அவர் அதைச் செய்யவில்லை. அவரை நியமித்தது எந்த அரசு? குற்றம்சாட்டப்பட்டவர் தலைமை வகித்த அரசு. அதாவது அந்த அறையில் குற்றம்சாட்டும் தரப்பு என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது.

திமுக பொதுச்செயலாளர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2003 நவம்பர் 18-இல் நீதிபதிகள் எஸ்.என். வரியாவா, எச்.கே. சேமா ஆகியோர் வழக்கை கர்நாடகத்துக்கு மாற்றினார்கள். ஒரு குற்ற வழக்கை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அரசு வழக்கறிஞரை நியமிக்கும் பொறுப்பும் கர்நாடகத்துக்குப் போனது. மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு நிர்வாக ஏற்பாடு. உண்மையில் வழக்கைத் தமிழ்நாட்டு அரசியலின் இரண்டு கைகளிலிருந்தும் பிடுங்கியது இதுதான். அதற்குப் பிறகு சென்னையில் 2006-இல் திமுக வந்தது, 2011-இல் அதிமுக வந்தது. பெங்களூரில் வழக்கு தன் போக்கில் நடந்தது. மெதுவாக, சலிப்பூட்டும் அளவுக்கு வாய்தா வாங்கி, ஆனாலும் நடந்தது.

2014 செப்டம்பர் 27-இல் தனி நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி’குன்ஹா தீர்ப்பளித்தார். விளக்கம் தர முடியாத சொத்து 53.60 கோடி, ஜெயலலிதாவுக்கும் அவருடைய தோழி சசிகலா உள்ளிட்ட மற்ற மூவருக்கும் நான்கு ஆண்டு சிறை, ஜெயலலிதாவுக்கு 100 கோடி ரூபாய் அபராதம். பதவியில் இருக்கும் ஒரு முதலமைச்சர் தண்டனையால் பதவி இழந்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. 2015 மே 11-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. வருமானத்துக்கு மேலான சொத்து 8.12 சதவீதம்தான், பத்து சதவீதத்துக்குள் இருப்பதால் குற்றமில்லை என்றது. அந்தத் தீர்ப்பில் ஒரு கூட்டல் பிழை இருந்தது. கடன்களைப் பட்டியலிட்டுக் கூட்டியதில் 10.67 கோடி வர வேண்டிய இடத்தில் 24.17 கோடி என்று எழுதப்பட்டிருந்தது. கடனும் வருமானக் கணக்கில் சேர்வதால், அந்தக் கூட்டலைத் திருத்தினால் 8.12 சதவீதம் நிற்காது. 2017 பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் டி’குன்ஹாவின் தீர்ப்பையே சரி என்றது. அதற்குப் பத்து வாரம் முன்பு ஜெயலலிதா இறந்துவிட்டார். இறந்தவர் மீதான குற்ற வழக்கு அத்துடன் அற்றுப்போகும். சசிகலா உள்ளிட்ட மற்ற மூவரும் சிறைக்குப் போனார்கள்.

இப்போது சொல்லுங்கள், இது நீதியா பழிவாங்கலா? தொடங்கி வைத்தவர்களின் மனதில் பகை இருந்திருக்கலாம். இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பத்திரப் பதிவுகளையும் வங்கிக் கணக்குகளையும் நகைகளின் எடையையும் பகை உண்டாக்கவில்லை. குற்றம்சாட்டப்பட்டவருக்கு நாட்டின் மிகச் சிறந்த வழக்கறிஞர்கள் கிடைத்தார்கள், ஒவ்வொரு சாட்சியையும் கேள்வி கேட்கும் வாய்ப்பு கிடைத்தது, ஒரு கட்டத்தில் விடுதலையும் கிடைத்தது. பழிவாங்கும் வழக்கில் இவ்வளவு இடம் கிடைக்காது.

இதைச் சட்டம் முன்பே யோசித்திருக்கிறது. பீகாரின் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ரா தொடர்பான வழக்கில் தலைமை நீதிபதி பி.என். பகவதி எழுதிய கருத்தை நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துச் சொல்கின்றன. போதுமான ஆதாரம் இருக்கும் வழக்கு, புகார் கொடுத்தவரின் அரசியல் பகைமையால் மட்டும் கெட்டுவிடாது என்பது அதன் சாரம். எனக்கு இது மிகவும் நியாயமாகப் படுகிறது. ஆட்சியாளரின் தவறைத் தோண்டி எடுக்கும் அளவுக்கு அக்கறையும் வசதியும் பெரும்பாலும் அவருடைய எதிரிக்குத்தான் இருக்கின்றன. எதிரி கொடுத்த புகார் என்பதற்காகவே தள்ளுவது என்றால், தள்ளாமல் எஞ்சும் வழக்குகள் அநேகமாக ஒன்றும் இருக்காது.

யாரும் கவனிக்காத பழிவாங்கல்

அதே ஜகந்நாத் மிஸ்ரா வழக்கில் கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? அவர் 1980-இல் மறுபடி முதல்வர் ஆனதும் பீகார் அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது. உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளில் மூவர் அதைச் செல்லும் என்றார்கள். பகவதி எழுதியது சிறுபான்மைத் தீர்ப்பு.

அரசு வழக்கறிஞர், நீதிமன்றத்தின் ஒப்புதலோடு, ஒரு வழக்கைத் திரும்பப் பெறலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321-வது பிரிவு இது. புதிய சட்டத்திலும் தொடர்கிறது. பொய்யாகப் போட்ட வழக்கை முடித்துவைக்க இது தேவையான வழிதான். ஆனால் ஆட்சிக்கு வந்தவர் தன் மீதான வழக்கைத் தானே முடித்துக்கொள்ளவும் இதுவே கதவு. 2021 ஆகஸ்ட் 10-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டது: எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான எந்தக் குற்ற வழக்கையும் அந்தந்த உயர் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் திரும்பப் பெறக் கூடாது. முன்னாள் உறுப்பினர்களுக்கும் அது பொருந்தும்.

பூட்டுப் போட்டாலும் வேறு வழிகள் இருக்கின்றன, அவை இன்னும் அமைதியானவை. குற்றப்பத்திரிகை தாக்கலான வழக்கில், ஆட்சி மாறியதும் ‘மேல் விசாரணை’ என்று ஒன்றைத் தொடங்கி, குற்றம் எதுவும் தென்படவில்லை என்று அதே துறையே அறிக்கை கொடுக்கும். அல்லது முன்பு கொடுத்த இசைவை அரசு திரும்பப் பெறும். கீழமை நீதிமன்றம் விடுவிக்கும். மேல்முறையீடு செய்ய வேண்டிய அரசோ சும்மா இருந்துவிடும். எல்லாம் சட்டப்படி நடந்ததுபோலவே காகிதத்தில் தெரியும்.

2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இப்படி முடிந்த பழைய வழக்குகள் சிலவற்றைத் தாமாக முன்வந்து மறு ஆய்வுக்கு எடுத்தார். அதில் இரண்டு கட்சிக்காரர்களும் இருந்தார்கள் என்பதுதான் முக்கியம். அப்போது அதிமுகவில் இருந்த ஓ. பன்னீர்செல்வம் மீதான வழக்கு 2006-இல் திமுக ஆட்சியில் பதிவானது, 2011-இல் அதிமுக வந்த பிறகு, 2012-இல் விடுவிப்பில் முடிந்தது. திமுகவின் கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், தங்கம் தென்னரசு மீதான வழக்குகள் அதிமுக ஆட்சியில் பதிவானவை, 2021-இல் திமுக வந்த பிறகு விடுவிப்பில் முடிந்தன. இவர்களில் யார் குற்றம் செய்தார், யார் செய்யவில்லை என்பதை நான் சொல்ல வரவில்லை. விடுவித்தது சரியாகவே இருக்கலாம், மேல் நீதிமன்றங்களில் அதைப் பற்றி வாதாடினார்கள். நான் காட்ட விரும்புவது வழக்கை நடத்தும் துறையின் போக்கை. அதே துறை, அதே ஆவணங்கள், ஆட்சி மட்டும் வேறு, முடிவு தலைகீழ். இதில் ஒன்று பொய்யாக இருந்தே ஆக வேண்டும்: ஒன்று, அன்று போட்ட வழக்கு பொய், அல்லது இன்று முடித்தது பொய்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது இங்கேதான். எதிரியைக் கைது செய்தால் அது பழிவாங்கல் என்று ஊரே கத்துகிறது. தன் ஆளை ஓசையில்லாமல் விடுவித்தால் ஒரு பத்திச் செய்தியோடு போய்விடுகிறது. இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். முதலாவதில் பாதிக்கப்படுபவர் ஒரு தலைவர். இரண்டாவதில் யாருடைய பணம் போனதோ அவர்கள், அதாவது நாம்.

இசைவு விஷயத்திலும் இதே கதைதான். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன், பதவியை விட்டு இறங்கியவர் மீது ஊழல் வழக்கை நீதிமன்றம் ஏற்க இசைவு தேவைப்படவில்லை. இப்போது தேவை. கூடவே 17-ஏ என்று ஒரு புதிய பிரிவு: பதவியில் இருந்தபோது எடுத்த முடிவைப் பற்றி விசாரணையைத் தொடங்கவே முன் அனுமதி வேண்டும். நேர்மையான அதிகாரி பயமின்றிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது இதற்குச் சொன்ன காரணம். அந்தக் காரணத்தில் நியாயம் உண்டு. ஆனால் அனுமதி கொடுக்கும் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்கும் ஓர் அரசியல் இருக்கும். முன்னாள் அதிமுக அமைச்சர்கள் மீதான வழக்குகளுக்கு இசைவு தராமல் ஆளுநர் தாமதிக்கிறார் என்று தமிழக அரசு 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் புகார் சொன்னது நினைவிருக்கலாம்.

தன் ஆட்சியில் வந்த வழக்குகள்

ஆட்சியில் இருப்பது தன் கட்சி, அல்லது தன் கூட்டணி. அப்போதும் வழக்கு நகர்ந்தால் அதைப் பழிவாங்கல் என்று சொல்ல முடியுமா? 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு வழக்கில், மத்திய தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த திமுகவின் ஆ. ராசா 2011 பிப்ரவரியில் கைதானபோது, மத்தியில் இருந்தது திமுகவும் அங்கம் வகித்த கூட்டணி அரசு. அமைச்சராக இருந்த க. பொன்முடிக்கு 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறை விதித்தபோது, கோட்டையில் இருந்தது அவர் கட்சி. (அந்தத் தண்டனைத் தீர்ப்பை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.)

ஆனால் பழி இல்லை என்பதாலேயே வழக்கு நல்ல வழக்கு ஆகிவிடாது. 2017 டிசம்பர் 21-இல் ராசா, கனிமொழி உள்ளிட்ட அனைவரையும் டெல்லி தனி நீதிமன்றம் விடுதலை செய்தது. ஏழு ஆண்டாக, கோடை விடுமுறையிலும்கூட, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை திறந்த நீதிமன்றத்தில் உட்கார்ந்து, சட்டம் ஏற்கும் ஆதாரத்தோடு யாராவது வருவார்களா என்று காத்திருந்தேன், யாரும் வரவில்லை என்று நீதிபதி ஓ.பி. சைனி எழுதினார். நாடே ஊழல் என்று தீர்மானித்துவிட்ட ஒன்றில், அரசுத் தரப்பு வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றால் இதுதான் நடக்கும். அந்த விடுதலையை எதிர்த்து சிபிஐ செய்த மேல்முறையீட்டை 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

வெளியூர்க் கதைகள் சில

அவசரப்பட்டுப் பழி தீர்க்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியிலேயே கதை இருக்கிறது. இந்திரா காந்தி பிரதமராக இருந்தபோது 1975 முதல் 1977 வரை நீடித்த நெருக்கடி நிலையில் நடந்த கொடுமைகளுக்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தேர்தலில் அவரைத் தோற்கடித்து வந்த ஜனதா அரசு 1977 அக்டோபர் 3-இல் அவரைக் கைது செய்தது. எதற்காக? தேர்தலுக்கு ஜீப்புகள் வாங்கியது, ஓர் எண்ணெய் ஒப்பந்தம் என்று. மறுநாளே போதிய ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. லட்சக்கணக்கானோரைச் சிறையில் அடைத்ததாகச் சொல்லப்பட்டவர், ஒரே இரவில் பாதிக்கப்பட்டவராகத் தெரிந்தார். 1980 ஜனவரியில் அவரே மீண்டும் பிரதமர். அதோடு அந்த வழக்குகளும் போயின, நெருக்கடி நிலைக்கான கணக்கும் தீர்க்கப்படாமலே போனது.

மலேசியாவைப் பார்த்தால் இரண்டு வகையும் ஒரே நாட்டில் கிடைக்கும். அங்கே துணைப் பிரதமராக இருந்த அன்வார் இப்ராஹிம் 1998 செப்டம்பரில் பிரதமர் மகாதீரால் நீக்கப்பட்டார், அதே மாதம் கைது செய்யப்பட்டார். காவலில் வைத்து அவரை அடித்தவர் நாட்டின் போலீஸ் தலைவரே. அன்வார் கண் வீங்கி நீதிமன்றம் வந்த படம் உலகம் முழுக்கப் போனது. ஓரினச்சேர்க்கைக் குற்றச்சாட்டில் விதித்த தண்டனையை 2004-இல் உச்ச அமர்வு ரத்து செய்தது. பிறகு அதே மாதிரி இன்னொரு வழக்கில் சிறை, 2018-இல் மன்னரின் மன்னிப்பு, 2022 நவம்பரில் பிரதமர். இந்தப் பக்கம் முன்னாள் பிரதமர் நஜீப் ரசாக். அரசின் 1எம்டிபி முதலீட்டு நிறுவனத்தோடு தொடர்புடைய ஒரு நிறுவனத்திலிருந்து 4.2 கோடி ரிங்கிட் அவர் வங்கிக் கணக்குக்கு வந்தது. பிரதமராக இருந்தபோது, விசாரணை நெருங்கிய நேரத்தில் அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலையே மாற்றினார். 2018 தேர்தலில் தோற்றதும் வழக்கு. 2020-இல் 12 ஆண்டு சிறைத் தண்டனை. இறுதி மேல்முறையீட்டில் தோற்று 2022 ஆகஸ்ட் 23-இல் அவர் சிறைக்குப் போனபோது, பிரதமர் நாற்காலியில் இருந்தவர் அவருடைய சொந்தக் கட்சியான அம்னோவின் இஸ்மாயில் சப்ரி. தொடக்கத்தில் எதிரிகள் போட்ட வழக்கு, தன் கட்சிக்காரர் பிரதமராக இருக்கும்போதும் சாயாமல் நின்றது. (தண்டனை பின்னர் 6 ஆண்டாகக் குறைக்கப்பட்டது.)

பாகிஸ்தானில் நடந்ததை எண்ணினால் மனம் கனக்கும். 1979 ஏப்ரல் 4-இல் முன்னாள் பிரதமர் சுல்பிகர் அலி பூட்டோ தூக்கிலிடப்பட்டார். அவரைக் கவிழ்த்த ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சி அப்போது. 2024 மார்ச்சில், 45 ஆண்டு கழித்து, அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டது. அரசியல் வழக்குகளில் மரண தண்டனை கூடவே கூடாது என்று நான் நினைப்பதற்கு இது ஒன்றே போதும். 2025 நவம்பரில் வங்கதேசத்தில் முன்னாள் பிரதமர் ஷேக் ஹசீனாவுக்கு, அவர் நாட்டிலேயே இல்லாத நிலையில், மரண தண்டனை விதிக்கப்பட்டபோதும் இதுதான் நினைவுக்கு வந்தது. 2024-இல் அவர் ஆட்சியில் போராடிய மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதற்கு விசாரணை கட்டாயம் வேண்டும். திருத்தவே முடியாத தண்டனை அந்த விசாரணைக்குப் பெருமை சேர்க்காது.

விட்டுவிட்டால் என்ன?

‘போனது போகட்டும், நாடு முன்னே போகட்டும்’ என்று சொல்பவர்களும் உண்டு. 1974 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஃபோர்டு, ஒரு மாதத்துக்கு முன் பதவி விலகியிருந்த முந்தைய அதிபர் நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கியது இந்த எண்ணத்தில்தான். பதவி இறங்கினால் சிறை என்ற பயம் இருந்தால் தலைவர்கள் பதவியை விடவே மாட்டார்கள் என்பது இவர்களின் வலுவான வாதம். நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்ட பலரைப் பார்த்தால் அதை ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை.

ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை.   சில ஆயிரம் ரூபாய் லஞ்சம் வாங்கிய கிராம நிர்வாக அலுவலர் ரசாயனம் தடவிய நோட்டோடு பிடிபட்டு வேலை இழப்பதை நாம் வாரம் ஒரு முறை செய்தியில் படிக்கிறோம். அவருக்கு ஒரு சட்டம், அவருடைய அமைச்சருக்கு ‘நாட்டின் அமைதி’ என்றால் அந்த அமைதி யாருக்கானது?

அடுத்த கைதுச் செய்தி வரும்போது

முதலில் குற்றப்பத்திரிகை வந்ததா என்று பாருங்கள். கைது நடந்து மாதங்கள் ஓடியும் அது வரவில்லை என்றால் சந்தேகப்படலாம். வழக்கின் மையம் ஆவணமா, வெறும் வாக்குமூலமா என்று பாருங்கள். சாட்சி மாறுவான், பத்திரம் மாறாது. ஒரே விவகாரத்தில் மாட்டிய பலரில், ஆளுங்கட்சிக்குத் தாவியவர் மீது மட்டும் வழக்கு தூங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். ஆட்சி மாறும்போது அரசு வழக்கறிஞர் யார், புதிதாக ‘மேல் விசாரணை’ கேட்கிறார்களா, விடுதலையானால் மேல்முறையீடு போகிறதா என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

இதற்குப் பத்திரிகையாளராக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர் என்று ஓர் எண் உண்டு. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அதைப் போட்டால் வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது, கடைசியாக என்ன தேதியில் என்ன நடந்தது, அடுத்த வாய்தா எப்போது என்று தெரியும், கட்டணம் இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் பல இப்போது தமிழிலும் அதன் தளத்தில் கிடைக்கின்றன. உங்களுக்குப் பிடித்த தலைவர் மீது ஒரு வழக்கு, பிடிக்காத தலைவர் மீது ஒரு வழக்கு, இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த தேர்தல் முடிந்து ஆறு மாதம் வரை பார்த்துவாருங்கள்.